சூரியகாந்திச் சேலையும் பதினாலாவது வரியும்

ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். (இப்போது என் பிறந்தநாள் பரிசைப் பற்றிக்கூட வீட்டில் என் காதுபடப் பேசமாட்டார்கள்.)

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், மட்டாஞ்சேரியில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கலூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளின் பெயர், விலாசம், மார்க் எல்லாம் ஏற்றினேன். கடைசியில் ‘குறிப்பு’ என்று நானாக ஒரு கட்டம் சேர்த்தேன். அதை மட்டும் தமிழில், ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஸ்டாஃப் ரூம் முழுக்க மலையாளிகள், யாருக்குப் புரியப்போகிறது? பாஸ்வேர்டுகூடப் போடவில்லை. (வாராவாரம் தமிழ்ப் படத்துக்கு வரிசையில் நிற்கிற ஊர் இது என்பது உறைக்கவே இல்லை. அதுதான் என் புத்தி!)

பதினாலாவது வரி கனகாவுடையது. அவள் அம்மா முத்துலட்சுமி அக்காவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பிள்ளையைச் சேர்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், இவளுக்கு எப்பவாச்சும் வலிப்பு வரும். உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன். பழைய ஸ்கூல்ல தெரிஞ்சுபோய், பக்கத்துல உக்காரவே யாரும் வரல.”

“உயிர் போனாலும் வாய் திறக்கமாட்டேன்க்கா” என்றேன். வாயைத் திறக்கவில்லைதான். டைப் அடித்து வைத்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் கம்ப்யூட்டரை எல்லோருக்கும் காட்டச் சொன்னார் ஹெட்மிஸ்ட்ரஸ். வாடகைக்குப் புரொஜெக்டர் வந்தது. நானும் நாத்தனார் பாலக்காட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கறுப்புச் சேலையைக் கட்டிக்கொண்டேன். தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூ.

“என்னடி, ஜன்னல் கர்ட்டனைக் கழட்டிக் கட்டிக்கிட்டியா?” என்றார் கணவர்.

பொய்ப் பெயர்கள் போட்டு ஒரு மாதிரி ஷீட் தயாராக வைத்திருந்தேன். பதற்றத்தில் பக்கத்திலிருந்த நிஜ ஷீட்டைத் திறந்துவிட்டேன். சுவர் நிறைய என் குறிப்புகள்! மிளகு கோடவுன் ஜோசப் சேட்டன் முன்வரிசையிலிருந்து எழுத்துக்கூட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார்: “‘அப்பா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.’ இது ஞானல்லே டீச்சரே?”

அந்த அப்பா அவரேதான். ஒரே சிரிப்பு. ஷீட்டை மூடலாமென்றால் மவுஸ் சண்டித்தனம் பண்ணியது. கைக்குக் கிடைத்த பொத்தானை அமுக்கினேன். வரிகள் நகர ஆரம்பித்தன. பத்து, பதினொன்று... மூன்றாவது வரிசையில் முத்துலட்சுமி அக்கா, பக்கத்தில் கனகா, சுற்றிலும் அவள் வகுப்புப் பிள்ளைகள். ஐயோ, அந்தப் பிள்ளையை மறுபடி தனியாக உட்கார வைத்துவிடுவேனே!

பதினாலு தலைகாட்டி அங்கேயே நின்றதும் ஓடிப்போய் அந்தக் குறிப்பை மறைத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். எழுத்தெல்லாம் என் வயிற்றில் விழுந்தது. சூரியகாந்திக்குள் போன எழுத்தை யார் படிக்க?

“டீச்சரே, மாறி நிக்கூ, ஒண்ணும் காணான் வய்யா!” என்று கத்தினார் ஜோசப் சேட்டன், அடுத்த வீட்டுக் கதை தெரியாத தவிப்பில். தள்ளி நிற்கச் சொன்னால் நான் அசைவேனா? ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பிளக்கைப் பிடுங்கும்வரை கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் சாயா குடிக்க நகர்ந்ததும் கனகா கிட்டே வந்தாள்.

“என் பேரு மட்டும் தெரிஞ்சது டீச்சர். அதுவும் எழுதியிருந்தீங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “எழுதினேன் கண்ணு. எழுதியிருக்கவே கூடாது, தப்பு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சேலை நல்லாருக்கு டீச்சர்” என்றாள்.

அன்றே அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டேன். முத்துலட்சுமி அக்காவிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். “இனிமே மனசுல எழுதி வச்சுக்குங்க டீச்சர்” என்றார். கனகா பத்தாவது முடிக்கும்வரை அவள் பக்கத்து இடம் காலியாகவில்லை.

இன்றைக்கும் நான் ஏ.டி.எம்முக்குக் கிளம்பினால் போதும், உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்துவிடும்: “நம்பர் அடிக்கப் போறியா? அந்தக் கர்ட்டனைக் கட்டிக்கிட்டுப் போ!”