நூற்றைம்பது ரூபாய்க்குள் கொரியச் சாப்பாடு

"ஒரு ஆளுக்கு கொரியன் சாப்பாடு வேணும். மத்தியானத்துக்கு. நூத்தம்பது ரூவாய்க்குள்ள" என்று தாமரைச்செல்வி கேட்டதும், மதுரையின் அந்தப் பெரிய ஓட்டல்காரர் போனிலேயே சிரித்துவிட்டார்.

"மேடம், அந்தக் காசுக்கு எங்ககிட்ட சூப்புக்கு மேல தூவுற எள்ளுதான் வரும்."

இது மூன்றாவது ஓட்டல். மணி பத்தரை ஆகியிருந்தது.

வாடிப்பட்டிக்கு வெளியே, முதலாளி அழகுமலை நடத்தும் தென்னைநார் மில்லில் செல்வி ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். நார்க்கழிவைக் கட்டிகளாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவது மில்லின் தொழில். கொரியாவில் ஸ்ட்ராபெரி வளர்க்க மண்ணுக்குப் பதிலாக இந்தக் கட்டியைத்தான் கேட்கிறார்களாம். அங்கே ஒரு கம்பெனி ஒரு வருடமாக ஆர்டர் தருகிறேன், தருகிறேன் என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தது.

நேற்று சாயங்காலம் அழகுமலை ரயிலிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பாதி அவர் குரல், பாதி ரயில் இரைச்சல்.

"செல்வி, நாளைக்கு மத்தியானம் கொரியக்காரரு வாராரு. நான் வந்து சேர நாலு மணி ஆயிரும். அதுவரைக்கும் அவர விட்றாத. நல்ல சாப்பாடா வாங்கிக் குடுத்து உக்கார வையி. நூத்தம்பது ரூவாய்க்குள்ள முடிச்சுக்க. அவரு திரும்பிப் போயிட்டாருன்னா ஆர்டரும் போச்சு. ரெண்டாவது ஷிப்டு பொம்பளைக இருபது பேரயும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

அந்த இருபது பேரில் செல்வியின் அம்மா தங்கப்பொண்ணும் ஒருத்தி. செல்விக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலாளியைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. சேர்ந்த புதிதில் ஒரு விலாசத்தை இரண்டு தடவை கேட்டதற்கு, "நான் என்ன பஸ் ஸ்டாண்டு மைக்கா, சொன்னதவே சொல்லிக்கிட்டிருக்க?" என்று எரிந்து விழுந்தவர் அவர். கடல் தாண்டி வரும் விருந்தாளிக்கு நூற்றைம்பது ரூபாய் என்றதில் செல்விக்குச் சந்தேகமே வரவில்லை. தீபாவளிக்கு மில்லுக்கே ஒரு கிலோ மிக்சர் வாங்கிய மனிதர் வேறு எப்படிச் சொல்வார்?

"கிம்ச்சின்னு ஒரு முட்டைக்கோசு ஊறுகா, அது இல்லாம அவுக சோத்துல கையே வைக்க மாட்டாக" என்றாள் பேக்கிங் பிரிவு ரோகிணி. கொரிய சீரியல்களைத் தமிழ்க் குரலில் ஒன்று விடாமல் பார்த்தவள். மில்லில் கொரியா பற்றி அவள் சொல்வதுதான் சட்டம்.

ரோகிணியே போனைத் துழாவி விளாங்குடியில் ஒரு சின்னக் கடையைக் கண்டுபிடித்தாள். காலேஜ் பிள்ளைகள் சாப்பிடும் கடை. ராம்யன் என்ற சூப் நூடுல்ஸ், பாசி இலையில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப், கிம்ச்சி மூன்றும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.

"ஒரு ரூவா மிச்சம்!" என்றாள் செல்வி.

ஆனால் வாடிப்பட்டி வரை கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சிமுத்து வந்தார். அந்தப் பக்கத்துக்கெல்லாம் பார்சல் கொண்டுவருகிற ஆள்.

"சாரு இல்லையா தங்கச்சி? அவரு கையில ஒண்ணு குடுக்கணும்."

"சாரு நாலு மணிக்குத்தான் வருவாரு. அண்ணே, நீங்க விளாங்குடிப் பக்கம் போவீங்களா?"

"எங்க ஆபீஸே அங்கதான். மத்தியான மூட்டைய எடுக்கப் போறேன். எப்படியும் சாரப் பாக்கத் திரும்பி வரணும்."

செல்வி அவர் கையில் பணத்தையும் தூக்குவாளியையும் திணித்தாள். "ஒரு பெரிய விருந்தாளி வாராருண்ணே. இருபது குடும்பம் உங்கள நம்பி இருக்கு."

தன்னை நம்பி ஒரு குடும்பம் இருப்பதே பேச்சிமுத்துவுக்குப் பாரமாக இருந்தது. இருபது என்றதும் வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டரைக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரோகிணி பழக்கி வைத்திருந்த ஆறு பெண்களும் வரிசையாக நின்று இடுப்பை வளைத்து, "அன்யோங் ஹாசேயோ!" என்றார்கள். தங்கப்பொண்ணு மாலையோடு முன்னால் வந்தாள்.

பேச்சிமுத்து மிரண்டு போய் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, ஆறு பேரும் சேந்து என்னைய என்ன வையிறீங்க?"

"வணக்கம்ணே அது. உங்களுக்கு இல்ல."

"எனக்கு இல்லையில்ல? அப்பச் சரி."

தூக்குவாளியைத் திறந்தார்கள். இருபது கிலோமீட்டர் குலுங்கி வந்ததில் நூடுல்ஸ் சூப்பையெல்லாம் குடித்து ஊதி, கூழாகிக் கிடந்தது. மில் நாய் கருப்புக்கு ஒரு கரண்டி வைத்தார்கள். கருப்பு மோந்து பார்த்துவிட்டு, செல்வியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"கிம்பாப் இருக்குல்ல, அதச் சுட வச்சுருவோம்" என்று ரோகிணி அதை இட்லிச் சட்டியில் ஏற்றினாள். ஆவி பட்டதும் மேலே சுற்றியிருந்த பாசி இலை கரைந்து, சோறு பச்சையாகப் பரவியது. இட்லிச் சட்டிக்கு வெளியே எடுத்தபோது அதைக் கிம்பாப் என்று சொன்னால் கொரியாவே ஒத்துக்கொள்ளாது.

செல்வி தன் கைக்காசை எடுத்து நீட்டினாள். "அண்ணே, இன்னொரு நடை போயிட்டு வாங்கண்ணே. சூப்பு தனி, நூடுல்ஸ் தனியா வாங்கிட்டு வாங்க."

"இம்புட்டு வெயில்லயா?" என்றார் பேச்சிமுத்து. பிறகு தங்கப்பொண்ணு மாலையைக் கீழே வைக்காமல் நிற்பதைப் பார்த்தார். "சரி, குடு" என்று தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

அவர் போனபின், குச்சியில்தான் சாப்பிடுவார்கள் என்பது ரோகிணிக்கு நினைவு வந்தது. தென்னை மட்டையைச் சீவி இரண்டு குச்சி செய்தார்கள். ஒன்று பென்சில் கனம், இன்னொன்று உலக்கைக்குத் தம்பி.

இரண்டரைக்குப் பேச்சிமுத்து திரும்பினார். ஆறு பெண்களும் மறுபடி வளைந்தார்கள். அவரும் பழகிப்போய் லேசாக வளைந்தார்.

"கடையில கேஸ் தீந்துருச்சாம் தங்கச்சி. எதுத்தாப்புல ஒரு பரோட்டாக் கடையில கொரியன் ஐட்டம் இருந்துச்சு. தொண்ணூறு ரூவாதான்."

ரோகிணி பொட்டலத்தைப் பிரித்தாள். சால்னா வாசம் ஆபீஸ் முழுக்க அடித்தது.

"அண்ணே, இது கொத்து பரோட்டால்ல?"

"கொரியன் கொத்துன்னு போர்டுல எழுதிருக்கான். எள்ளு தூவிருக்கான் பாரு."

செல்வி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேஜை மேல் பச்சைச் சோறு, கிம்ச்சி, கொத்து பரோட்டா, இரண்டு குச்சி. விருந்தாளியையும் காணோம்.

பேச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "காலையில ரெண்டு இட்லி தின்னது. அந்தக் கொத்துல ஒரு வாய்..."

"ஐயோ, தொட்றாதீங்கண்ணே! வாரவருக்கு வேற என்ன இருக்கு?"

அவர் கையை இழுத்துக்கொண்டு, வாசலில் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

மூன்றே முக்காலுக்கு எழுந்துவிட்டார். "இதுக்கு மேல நிக்க முடியாது தங்கச்சி. நாலரைக்குள்ள ஆபீஸுல மூட்டையக் கட்டிருவாக. சாரு பார்சல் திரும்பிப் போயிரும். நான் வாரேன்."

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள் செல்வி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவர் வண்டியை உதைக்கவும் அழகுமலையின் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. செல்வி ஓடினாள்.

"சார், அவரு வரவே இல்ல சார்! வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்தோம். எங்கம்மாவ மட்டும் வேலைய விட்டு..."

அழகுமலை அவளைக் கவனிக்கவே இல்லை. காரைவிட்டுக் குதித்து, பேச்சிமுத்துவின் வண்டியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். பார்சலை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், அங்கேயே கிழித்தார். உள்ளே முத்திரை குத்திய கொரியக் கம்பெனியின் ஆர்டர் காகிதம். இரண்டு தடவை படித்துவிட்டு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியதை மில்லில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு திரும்பினார். "ஏம்மா செல்வி, கொரியர்காரர விட்றாதன்னு அம்புட்டுத் தூரம் சொன்னேன். கிளப்பி விட்டுட்டு வேடிக்க பாக்குற? அந்த மனுசனுக்கு நல்ல சாப்பாடாச்சும் வாங்கிக் குடுத்தியா?"

"கொரிய... ர்... காரரா?" என்றாள் செல்வி. ரோகிணியின் கையிலிருந்து குச்சிகள் விழுந்தன.

பேச்சிமுத்து மாலையைப் பார்த்தார், ஆறு பெண்களையும் பார்த்தார், கடைசியாகத் தன் வண்டியில் தொங்கிய தூக்குவாளியைப் பார்த்தார்.

"அப்ப, காலையிலருந்து பட்டினியா ரெண்டு நடை அலைஞ்சது, எனக்குச் சாப்பாடு வாங்கியாரவா?"