பரம்பரைக் கால்

“நடு ஹால்ல பழைய இரும்புக் கடையை யாரு திறந்து வெச்சது?”

பெரியவர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். தரையில் ஓர் இரும்புத் தண்டு, நாலு இரும்புத் தட்டு, கைப்பிடி வைத்த குண்டு ஒன்று.

“உங்க ஓட்டக்காரியோடதுதான். காலையில தூக்கிப் பழகிட்டு ஓடப் போயிருக்கா.”

“நிருபர் வர்ற நேரம்டி! மானம் போயிடும்!”

போன மாதம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அவள் முதலாவதாக வந்ததிலிருந்து பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. சலூனிலும் வங்கியிலும் ஒரே பேச்சு: “எங்க தாத்தா காலு அது. பரம்பரைக் கால்.” பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னபோதும் அதைச் சொல்லத்தான் திறந்தார். தொலைபேசியில் கேட்ட நிருபருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய், கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்துவிட்டாள். இப்போது வந்து இந்த இரும்பைப் பார்த்தால்? கால், கடையில் வாங்கியது என்று எழுதிவிட மாட்டாளா?

ஓட்டக்காரி பொறுமையாக எடுத்துச் சொல்லித்தான் இருந்தாள். “வெறுமனே ஓடினா போதாதுப்பா. எலும்பு உறுதியா இருக்கணும். கடைசிப் பத்து கிலோமீட்டர்ல இடுப்பு தொய்யக் கூடாது. அதுக்குப் பளு தூக்கணும்னு கோச் சொல்றாங்க.”

“தொய்யறதெல்லாம் வழியில போறவன் வீட்டு இடுப்பு. நம்ம வீட்டு முதுகு எவனுக்கும் வளைஞ்சதில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு மகனும் உண்டு. லிஃப்ட் பழுதானால் படியேறாமல் கீழேயே உட்கார்ந்துவிடுகிறவன். அவன் கால்களைப் பற்றிப் பெரியவர் வெளியே பேசுவதில்லை.

“உள் ரூம்ல தள்ளிடுங்களேன்” என்றாள் மனைவி.

“அங்கதான் கோப்பைகளைப் படம் பிடிக்கப் போறா. மறைக்கிறதுன்னா கண்ணுக்கு நேரா மறைக்கணும். அதுக்கெல்லாம் மூளை வேணும்.”

மூளை வேலை செய்தது. ஜன்னல் திரையைக் கழற்றி இரும்புத் தண்டில் கோத்து, மனைவி ஒரு முனையைத் தாங்க, ஸ்டூலில் ஏறிக் கொக்கியில் மாட்டினார். இறங்கி நின்று அழகு பார்ப்பதற்குள் தண்டு, திரை, கொக்கி, அரைச் சுவர் காரை எல்லாம் ஒன்றாக இறங்கிவந்தன.

“மூளை விழுந்துடுச்சுங்க” என்றாள் மனைவி.

சுவரில் பள்ளம் பல்லை இளித்தது. அதை மறைக்கத் தாத்தா படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். உதிர்ந்த காரையில் ஆணி எத்தனை நேரம் நிற்கும்? பரம்பரையின் மூலவர் கண்ணாடி நொறுங்கக் குப்புற விழுந்தார்.

“எல்லாம் இந்தச் சனியனால!” என்று இரும்புக் குண்டை ஒரே மூச்சில் பிடுங்கினார் பெரியவர். குண்டு அசையவில்லை. முதுகில் ‘மளுக்’கென்றது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

வாசல் மணி அடித்தது.

“ஐயோ சார், எனக்குப் போய் இவ்வளவு பெரிய வணக்கமா? நிமிருங்க” என்று பதறினாள் நிருபர்.

“இப்போதைக்கு அந்த உத்தேசம் இல்லம்மா” என்றார் பெரியவர், தரையைப் பார்த்து, குரலில் மிடுக்குக் குறையாமல்.

பின்னாலேயே வியர்வையோடு ஓட்டக்காரி நுழைந்தாள். “அப்பா, முதுகா? அசையாதீங்க.” முழங்காலை மடக்கினாள், அவரை இடுப்போடு அணைத்தாள், மூச்சைப் பிடித்து, தலையணையைத் தூக்குவது போலத் தூக்கி சோபாவில் வைத்தாள்.

நிருபர் வாயைப் பிளந்தாள். “எப்படிங்க தூக்கினீங்க?”

“தினம் இவரைவிடக் கனமாத் தூக்குறேனே” என்று தரையில் கிடந்த இரும்பைக் காட்டினாள் ஓட்டக்காரி.

“அப்போ ஜெயிச்சதுக்குக் காரணம் இந்தப் பயிற்சியா? பரம்பரைக் கால் இல்லையா?” நிருபர் தலைப்பை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

பெரியவருக்கு வலி பறந்தது. “அடிக்காதே! தூக்கறதும் எங்க பரம்பரைதான். எங்க தாத்தா லாரி டயரை ஒத்தக் கையில தூக்கினவர். அவர் ரத்தம்தாம்மா இவ உடம்புல ஓடுது. எழுது!”

கண்ணாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“நல்லா எழுதிக்கோம்மா. ஆனா இவ எங்க மருமக. அந்தத் தாத்தா காலு எங்க பையன்கிட்டதான் இருக்கு. லிஃப்ட் சரியானதும் மேல வருவான், படம் எடுத்துக்கோ.”