வோல்டேஜ் அங்கிள் அணைக்காத விளக்கு

சான்டா கிளாராவில் ஒரு வீட்டு விளக்கு திடீரென்று அணைந்தால் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, ஃப்யூஸ் போயிருக்கும். இல்லையென்றால் வோல்டேஜ் அங்கிள் வந்திருப்பார். மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு என்று, அங்கிளின் கராஜைப் பார்க்கும் வரைக்கும் நான் நம்பியதே இல்லை.

அங்கிளின் சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கும் ஆண்ட்டிக்கும் மட்டும்தான் தெரியும். ஆண்ட்டியும் அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், "இங்க பாருங்க" என்பதோடு சரி. தமிழ்நாட்டில் மின்வாரியத்தில் வேலை பார்த்து, கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டு கரண்ட் எடுப்பவர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தே ரிட்டயர் ஆனவர் அங்கிள். மகன் இங்கே டவுன்ஹவுஸ் வாங்கியதும் இருவரும் வந்துவிட்டார்கள். பிறகு மகன் வேலை மாறி டெக்சாஸ் போனபோது, ஆண்ட்டிக்குப் பழகிப்போன டாக்டரை விட்டுவிட்டு வர முடியாது என்று அங்கிள் அடம்பிடித்து இங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

யார் வீட்டுக்கு வந்தாலும், சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் அங்கிளின் கை ஸ்விட்ச்சைத் தேடும். "பகல்ல எதுக்கும்மா லைட்டு? வெளிய அவ்ளோ பெரிய சூரியன் சும்மா நிக்குது!" என்பார். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது அவர் சட்டத்தில் குற்றம். "முதல்ல யோசி, அப்புறம் திற." எங்கள் பெண்ணின் பிறந்தநாளில் மெழுகுவர்த்தி ஊதுவதற்காக ஹால் விளக்கை அணைத்தோம். பாட்டு முடிந்து, கேக் வெட்டி, தட்டுகளில் பரிமாறிய பிறகும் அங்கிள் அந்த ஸ்விட்ச்சின் மேல் சாய்ந்தபடியே நின்றார். இருட்டில் என் கணவர் தின்றது கேக்கையா, கூட இருந்த பேப்பர் நாப்கினையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் கராஜில், ஒரு நாள் விடிந்ததிலிருந்து விளக்கு எரிந்தது. மத்தியானமும் எரிந்தது. நாங்கள் படுக்கப் போகும்போதும் எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்தார். யாரோ திருடன் புகுந்திருக்க வேண்டும், அங்கிள் வீட்டில் வேறு யார் இப்படி விளக்கெரிப்பார்கள் என்பது அவர் வாதம்.

விஷயம் ஆண்ட்டியின் கைகளில் இருந்தது. ஆண்ட்டிக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. காபி ஃபில்டரைத் திருகித் திறக்க முடியாமல், கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமைப்பார். கொலு வைப்பதில் எங்கள் வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் போன நவராத்திரியில் மீனாட்சி கல்யாணப் பொம்மை கையிலிருந்து நழுவி உடைந்துவிட்டது. அன்றைக்கே ஆண்ட்டி, "இதோட போதும், இனிமே கொலு கிடையாது" என்று பெட்டியை மூடிவிட்டார். அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அங்கிள், "வேற ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். மாத்திரையோடு கூட கஞ்சாத் தைலம் தடவிப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கிறது, இந்த மாநிலத்தில் சட்டப்படி தப்பில்லை என்று டாக்டர் சொன்னார்.

அங்கிளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. கடைசிவரை "அந்தச் செடி"தான். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அதை விற்கும் கடைக்குப் போனார். வாசலில் உடம்பெல்லாம் பச்சை குத்திய பையன் ஐடி கேட்டான். "எதுக்கும்மா?" என்றார் என்னிடம். இருபத்தொரு வயசு ஆகிவிட்டதா என்று பார்க்கிறான் என்றேன். அங்கிளுக்குக் கோபம்தான், ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளே தைலம் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டார்.

"இதுக்குள்ள என்ன கலந்திருக்கான்னு யாருக்கும்மா தெரியும்? மீட்டரை நானே பாக்காம எந்த ரீடிங்கையும் நான் நம்பினதில்ல."

விதை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டில் ஆறு செடி வரை வளர்க்கலாம் என்பது இங்கே சட்டம், அதனால் ஆறுக்கு மேல் ஒன்று கூடாது என்பதில் கறாராக இருந்தார். ஆண்ட்டியிடம், "ஒரு மூலிகை" என்று மட்டும் சொன்னார்.

ஈரமான டிஷ்யூ பேப்பரில் விதைகளைச் சுற்றி, எவர்சில்வர் சம்படத்தில் மூடி வைத்தார். வேர் எட்டிப் பார்த்ததும் காகித டம்ளர்களில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி நட்டார். அதுவரை எல்லாம் சரி. கராஜ் உச்சியில் இருந்த ஒற்றை டியூப் லைட்டே போதும் என்று நினைத்ததுதான் தப்பு. செடிகள் வெளிச்சத்தைத் தேடி நூல் நூலாக உயர்ந்து, ஒரு நாள் அப்படியே சாய்ந்தன. அங்கிள் குனிந்து பார்த்துவிட்டு, "லோ வோல்டேஜ்" என்றார்.

அப்புறம்தான் வீடியோ பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். நாற்றுக்கு டியூப் லைட் தலைக்கு மேலேயே தொங்க வேண்டும். தினம் பதினெட்டு மணி நேரம் எரிய வேண்டும். அதைக் கேட்டதும் அங்கிள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினெட்டு மணி நேரம்! என் பையன் கல்யாணத்துக்கே நான் அவ்ளோ நேரம் லைட்டு போட விடலம்மா!"

ஆனாலும் போட்டார். மறுபடியும் ஆறு விதை போட்டு, புது டியூப்கள் வாங்கி, சங்கிலியில் கட்டி, செடிக்கு நாலு விரற்கடை உயரத்தில் தொங்கவிட்டார். இலை இருக்கும் உயரத்தில் புறங்கையை நீட்டி, சுடுகிறதா என்று பார்ப்பார். தன் கைக்குச் சுடவில்லை என்றால் செடிக்கும் சுடாது என்பது கணக்கு. ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிவதை மட்டும் அவரால் தாங்கவே முடியவில்லை. அசைவு இருந்தால் மட்டும் எரிகிற மாதிரி ஒரு சென்சார் வாங்கி மாட்டினார். அவர் வெளியே வந்ததும் விளக்கு அணைந்துவிட்டது. ஆகவே உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவ்வப்போது கையை ஆட்டினார். திறந்திருந்த கராஜ் கதவு வழியாக எனக்குத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்து, ஆபீஸ் போகும்போதெல்லாம் நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.

நாள் முழுக்க யாரால் கையாட்ட முடியும்? கொலுப் பெட்டியைத் திறந்து, ஆண்ட்டியின் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எடுத்து சென்சாருக்கு முன்னால் வைத்தார். தண்டு உறுதியாவதற்கு நாற்றுக்குக் காற்று வேண்டும் என்பதால் ஒரு ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் பொம்மை இடுப்பையும் தலையையும் ஆட்டியது, சென்சார் ஏமாந்தது, விளக்கு எரிந்தது. ஆயுள் முழுக்கக் கரண்ட் திருடர்களைப் பிடித்தவர் தன் சென்சாரைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த சென்சாரையே கழட்டிட்டா சிம்பிளா முடிஞ்சுடுமே அங்கிள்?" என்றேன்.

"அது அங்க இருந்தாத்தான் எனக்கு நிம்மதிம்மா."

எரிகிற விளக்குக்குக் கீழே இடம் காலியாக இருப்பதும் வீண்தானே? மிச்ச இடத்தில் சின்னச் சின்ன மண் தொட்டிகளில் துளசி நாற்று போட்டார். நவராத்திரி வந்ததும் ஆண்ட்டியிடம், "நீ சும்மா நாற்காலியில உக்காந்து கையைக் காட்டு, பொம்மையெல்லாம் நான் எடுத்து வெக்கிறேன். வர்றவங்களுக்குத் தாம்பூலத்தோட துளசி குடுப்போம்" என்றார். ஆண்ட்டி முதலில் வேண்டாம் என்றார். கடைசியில் சம்மதித்தார். அங்கிள் படிகட்டி, ராமரை லட்சுமணனுக்கு இடப்பக்கம் வைத்துத் திட்டு வாங்கி, திரும்ப மாற்றி வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு ஆண்ட்டி கேட்டார், "தலையாட்டி எங்க?"

பொம்மை படிக்கு வந்தது. கராஜ் இருண்டது. அங்கிள் வேறு வழியில்லாமல் அந்த ஆறு டம்ளர்களையும் ஹாலுக்குக் கொண்டுவந்து, கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் என்று சொல்லி, துளசித் தொட்டிகளோடு வரிசையாக வைத்துவிட்டார். கொலுவுக்குப் போட்டிருந்த டியூப் லைட் வெளிச்சம் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு நிறையப் பெண்கள். சுண்டல் தட்டுகளோடு நான் சமையலறையில் இருந்தேன், அங்கிள் பால் வாங்கப் போயிருந்தார். "ஆளுக்கொரு துளசி எடுத்துக்கங்க" என்று எல்லோரிடமும் ஆண்ட்டி சொன்னார். ஆனால் மனசுக்கு நெருங்கிய மூன்று பேருக்கு மட்டும் தன் கையாலேயே எடுத்துக்கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். மண் தொட்டியைத் தூக்க அவர் விரல்களால் முடியாது. காகித டம்ளரைத் தூக்க முடிந்தது.

அங்கிள் திரும்பி வந்தபோது பார்க்கில் மூன்று டம்ளர்கள்தான் இருந்தன. பால் கேனை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல், யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஆண்ட்டியிடம் கேட்டுக்கொண்டு, என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "வண்டியை எடும்மா."

முதல் வீடு ஒரு இளம் தம்பதியுடையது. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பையன் துள்ளிக் குதித்தான். "அங்கிள், அடுத்த மாசம் எங்களுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ! ஸ்டேட் சட்டத்துல ஓகேன்னாலும் ஃபெடரல் சட்டத்துல மாட்டுவோம் அங்கிள்!" டம்ளரைச் சப்பாத்தி இடுக்கியால் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேஜையை இரண்டு தடவை துடைத்தான். அவன் மனைவிதான், "ஆண்ட்டி கையால குடுத்தாங்கன்னு ஆசையா வெச்சிருந்தேன்" என்று முகம் வாடினாள்.

இரண்டாவது, சாரதா ஆண்ட்டி வீடு. அங்கே நம் செடி சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில், டம்ளரில் மஞ்சள் குங்குமத்தோடு, முன்னால் விளக்கெரிய அமர்ந்திருந்தது.

"விளக்கு வெச்ச நேரத்துல, அதுவும் வெள்ளிக்கிழமை, தாம்பூலத்துல வந்ததைத் திருப்பித் தர்றதா? மாட்டவே மாட்டேன்!"

"இல்லம்மா, இது துளசி இல்ல. வேற செடி."

"என்ன செடி?"

அங்கிள் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். சங்கடத்தில் அவர் கை தானாகவே சுவரைத் தடவி, ஹால் விளக்கை அணைத்துவிட்டது. அந்த இருட்டில் நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ஐயையோ, ரெண்டு இலை கிள்ளித் தீர்த்தத்துல போட்டுட்டேனே! அவரு குடிச்சுட்டு அப்பவே படுத்துட்டாரே!"

"சின்ன நாத்து, ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் அங்கிள். உள்ளே போய்ப் பார்த்தோம். சாரதா ஆண்ட்டியின் கணவர் எப்போதும் போலத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வீட்டில் காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்த பெண், நாங்கள் போவதற்கு முன்பே செடியைக் கண்டுபிடித்து, "மா, திஸ் இஸ் வீட்!" என்று கஞ்சாவுக்கு இங்கத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லிவிட்டிருந்தாள். அவள் அம்மா பதறிப்போய் அதை சிங்க்குக்கு அடியில் இருக்கும் குப்பை அரைக்கும் மெஷினில் போட்டு அரைத்துவிட்டார்.

திரும்பும்போது அங்கிள் இரண்டு டம்ளர்களையும் மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்த ஒரு நாற்றை விரலால் நிமிர்த்தினார். பிறகு சொன்னார்:

"இத்தனை வருஷத்துல அவ என்கிட்ட ஒரு வேலையும் சொன்னதில்லம்மா. பொம்மை உடைஞ்ச மறுவாரம் ஊறுகாய் பாட்டிலை நீட்டி, 'இதைத் திறந்து குடுங்க'ன்னா. எனக்கு என்னவோ பண்ணிடுச்சு. அதான் இந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆண்ட்டி கொலுவுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு முன்பே ஃபோன்கள் வந்துவிட்டன.

"மூலிகையா?"

"மூலிகைதான்."

"எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு."

அங்கிளின் கை ஸ்விட்ச்சை நோக்கிப் போனது. "லைட்டைத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்றவர், கண்ணில் நீர் வரச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துவிட்டு, படியிலிருந்து தலையாட்டி பொம்மையை இரண்டு கையாலும் அணைத்து எடுத்து அங்கிளிடம் நீட்டினார். "கொண்டுபோய் வெய்யுங்க. செடி வாடிடப் போகுது. இது அடுத்த வருஷம் கொலுவுக்கு வரட்டும்."

மிஞ்சிய ஐந்தும் வளர்ந்தன. பூ விட்டபோது நாற்றம் தெருமுனை வரைக்கும் போனது. எதிர்வீட்டு அமெரிக்கர் அங்கிளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட, அங்கிள் வெட்கத்தில் சில நாள் வாக்கிங் போகவில்லை. அறுத்து, உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தைலம் எடுத்தார். தினமும் சாயங்காலம் ஆண்ட்டியின் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சூடு சரியா என்று முதலில் தன் புறங்கையில் விட்டுப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு விரலாக, நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, மெதுவாகத் தடவிவிடுவார். தைலம் தீர்ந்துவிடக் கூடாது என்று அடுத்த ஆறையும் விதைத்துவிட்டார்.

நான் ஃப்ரீமான்ட்டுக்கு வீடு மாறுவதற்கு முன் சொல்லிக்கொள்ளப் போனேன். அங்கிள் கராஜில் இருந்தார். "தைலம் கேக்குதா ஆண்ட்டி?" என்று கேட்டேன்.

ஆண்ட்டி கராஜ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் கேக்கலம்மா. டாக்டர் மாத்திரையை மாத்திக் குடுத்தாரு, அதுலதான் இப்ப கொஞ்சம் தேவலை. அவர்கிட்ட சொல்லிடாத."

"ஏன் ஆண்ட்டி?"

"சொன்னா லைட்டை அணைச்சிடுவாரு."

இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கும் போகிறது. முதலில் பிரிப்பது ஆண்ட்டிதான், இந்தப் பக்கத்தை அவர் கிழித்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன். போன வாரம் அந்தத் தெரு வழியாக வந்தேன். நல்ல மத்தியான வெயில். கராஜ் கதவுக்கு அடியில் டியூப் லைட் வெளிச்சம் தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த மூடிய கதவைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வந்தேன்.