மின்னல் சித்தப்பாவை இருட்டாக்கிய வரலாறு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, சிரித்த முகமாகப் பறந்துகொண்டிருந்த ஒரு சூப்பர் ஹீரோவை உம்மணாமூஞ்சி ஆக்குவது எப்படி என்று கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இதற்கான ஒத்திகைதான்.

அந்த மகத்தான பணி ஒரு படக் கம்பெனியின் நாலாவது மாடியில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில் நடந்துகொண்டிருந்தது. கதவில் 'துயரத் துறை' என்று பலகை தொங்கியது. அத்துறையில் கால் ஆடும் நாற்காலிக்கு உரிய கதாசிரியையை எல்லோரும் 'புதுசு' என்று அழைத்தார்கள். வேறு தேசத்திலிருந்து வந்தவள். கம்பெனி வேலையை நீட்டித்தால்தான் அவள் இந்த நாட்டில் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கையெழுத்துப் போடவேண்டிய தயாரிப்பாளர் அம்மாள், "இயக்குநர் கண் கலங்கட்டும், போடறேன்" என்று சொல்லியிருந்தார். இயக்குநரோ அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுபவர். கண் கலங்கியதா என்று கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை.

மின்னல் சித்தப்பாவை அறியாத குழந்தை கிடையாது. மஞ்சள் போர்வை, லேசான தொப்பை. பாலத்திலிருந்து பஸ் விழுந்தால், "பயப்படாதீங்க, வந்துட்டேன்ல!" என்று ஒரு கையால் தாங்குவார். இறக்கி வைத்துவிட்டு, "பிரேக்கைப் பாருப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பறந்துவிடுவார். இத்தகைய 'முதிர்ச்சியற்ற' நடத்தையைத் திருத்தத்தான் துறை அமைக்கப்பட்டிருந்தது.

திருத்தும் முறை எளிது. சித்தப்பாவின் சொந்தபந்தங்களின் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும், டீ வருவதற்குள் ஒருவரைக் கொன்றாக வேண்டும். அம்மா, அப்பா, நாய் எல்லாம் ஆயிற்று. ஒருநாள் டீ சீக்கிரம் வந்துவிட்டதால், அவசரத்துக்குப் பக்கத்துக் கடை மளிகைக்காரரைப் போட்டுத் தள்ளினார்கள். மிஞ்சியிருந்தது அண்ணன் மகன் ஒருவன்தான்.

"அவனையும் கொன்னுட்டா இவரு யாருக்கு சார் சித்தப்பா?" என்று கேட்டுவிட்டாள் புதுசு.

இயக்குநர் மேற்கூரையைப் பார்த்தார்.

"யாருக்குமே இல்ல," என்றார். "அதுதாம்மா டார்க்."

எல்லோரும் கை தட்டினார்கள். டீ வந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பஸ்ஸைத் தூக்குவாரே, அது இருக்காடி?"

"இல்லம்மா. இப்ப பஸ் விழறதப் பாத்து யோசிப்பாரு."

"யோசிச்சுட்டு?"

"மழையில நிப்பாரு."

"சளி புடிக்காதா? சரி விடு. உன் கையெழுத்து என்னாச்சு?"

"இன்னும் கொஞ்சம் சோகம் வேணுமாம், அம்மா."

"நம்மகிட்ட இல்லாத சோகமா? சொல்லேண்டி, நம்ம வெள்ளத்தை."

சொன்னாள். மறுநாள் கூட்டத்தில், தயாரிப்பாளர் அம்மாள் நீட்டிப்புத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வெளியூர் போயிருந்த அன்று ஆறு தெருவுக்குள் வந்தது. அம்மாவும் அவளும் மேசைமேல் ஏறி நின்றார்கள். தண்ணீர் மேசையையும் தேடி வந்தது.

"ஆஹா," என்றார் இயக்குநர். "அண்ணன் மகனை அந்த மேசைமேல ஏத்துங்க. நிஜத்துல நின்னது பொம்பளப் புள்ளையா இருந்தாலும் பரவாயில்ல. மேல சொல்லுங்க."

"மேல்வீட்டுக்காரர் வந்தாரு சார். மோட்டார் தகராறுல எங்களோட பேச்சுவார்த்தையே இல்லாதவரு. கழுத்தளவு தண்ணியில வந்து, அம்மாவ முதுகுல தூக்கிட்டு, 'என்னக்கா, பீரோவையும் சேத்துத் தூக்கிட்டேனா'ன்னு கேட்டாரு. அம்மா சிரிச்சுட்டாங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'பயப்படாத பாப்பா'ன்னு..."

இயக்குநரின் முகம் மலச்சிக்கல்காரர் முகம் போல ஆயிற்று.

"வெள்ளத்துல யாரும்மா ஜோக் அடிப்பாங்க?"

"அவரு அடிச்சாரு சார்."

"சண்டைக்காரன் எதுக்கு வரணும்? அவனுக்கு என்ன லாபம்?"

"தெரியல சார். நாங்களும் கேக்கல."

"பாத்தீங்களா, காரணமே இல்ல. வெள்ளம் அப்படியே இருக்கட்டும். அந்த ஆளை மட்டும் எடுத்துடுங்க."

"அவரு வரலேன்னா நாங்க ரெண்டு பேரும் செத்திருப்போம் சார்."

இயக்குநர் வரலாற்றில் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"பிரமாதம்! அப்படியே முடிச்சிடுங்க."

தயாரிப்பாளர் அம்மாள் பேனா மூடியைத் திறந்தார். "இந்த முடிவுக்கு ரெண்டு வருஷமே தரலாம்," என்றார். முனை தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. புதுசு தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். இரண்டு வருடம் நிம்மதி. வாடகை வீட்டின் சாவி பைக்குள் விரலில் தட்டுப்பட்டது. ஆட்டத்தான் நினைத்தாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"ஆனா சார்," என்றாள், "நான் உயிரோடதானே இருக்கேன்?"

பேனா தாளைவிட்டு எழுந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெற்ற தகப்பனைப் போன்ற பரிவோடு சொன்னார்:

"அதுதாம்மா இந்தக் கதையில யாருமே நம்பாத இடம்."