கிளிப்பும் ஏழாவது கட்டமும்

அரசு அலுவலகத்தில் ஒரு புதிய யோசனையைத் தூக்கில் போடக் கயிறு வேண்டியதில்லை. ஒரு படிவம் போதும். அதே படிவத்தை வைத்து, செத்த யோசனையை எழுப்பி உட்காரவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் கிளிப்பு என்று அழைத்தோம்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் அவர் அலுவலக உதவியாளர். நான் சான்றிதழ்ப் பிரிவு எழுத்தர். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் ஒன்று, மொபெட்டில் வரும்போது பேன்ட் காலில் இரண்டு, சாப்பாட்டுப் பையின் வாயில் ஒன்று. தூங்கும்போது போர்வையில் நான்கு மாட்டுவார் என்று பேச்சு உண்டு. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

எதையும் இருந்தபடி இருக்கவிடமாட்டார். எங்கள் ரப்பர் முத்திரைகள் அடிக்கடி காணாமல் போயின. கோழிப்பண்ணையிலிருந்து முப்பது குழி முட்டை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, குழிக்கு ஒரு முத்திரையாக நிறுத்திவைத்தார். எது இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஒருநாள் காலியாகக் கிடந்த குழியில் தன் மதியச் சாப்பாட்டு அவித்த முட்டையை வைத்துவிட்டுப் போனார். நான் கோப்பைப் படித்துக்கொண்டே கையை நீட்டினேன். எடுத்தேன். மையில் ஒற்றினேன். கடிதத்தின் மேல் ஓங்கி அழுத்தினேன்.

“ஏனுங்க சார், உரிச்சுட்டுக் குத்தியிருந்தா கொஞ்சம் பளிச்சுன்னு உழுந்திருக்குமுங்க,” என்றார் திரும்பி வந்த கிளிப்பு. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வெண்ணந்தூர்ப் பக்கம் தறி ஓட்டும் பாவாயி என்ற அம்மாள் எங்களிடம் வந்தது அந்த வருடம்தான். மகள் செவிலியர் படிப்பில் சேர முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். ஐந்து முறை வந்தார். ஐந்து முறையும் “சாமி, ஆயிருச்சுங்களா?” என்று கேட்டார். ஐந்து முறையும் நான் “மெசேஜ் வரும்” என்றேன். மெசேஜ் போகத்தான் செய்தது: ரேஷன் கார்டு நகல் தெளிவாக இல்லை, வேறு தரவும் என்று. ஆனால் விண்ணப்பத்தில் இருந்தது மகனுடைய எண். மகன் போர்க்கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தான். ஆறாவது முறை அவர் வந்தபோது கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பாவாயி மடியிலிருந்த மஞ்சள் பையைத் திறந்து ரேஷன் கார்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருப்பனே சாமி. அஞ்சு தடவையும் பைக்குள்ளதான இருந்துச்சு.”

“அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று நான் சொன்னதாக அன்றைய டைரியில் இருக்கிறது. வாசல்வரை அவருடன் போன கிளிப்பு என்ன சொன்னார் என்று இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில், கிளிப்பின் வேலையாக, ஒரு நைலான் துணிக்கொடி கட்டியிருந்தது. வெளி ஜன்னலில் தொடங்கி எங்கள் மேசைகளுக்கு மேலாக வட்டாட்சியர் அறைக் கதவுவரை போனது. ஒவ்வொரு மனுவின் எண்ணும் ஒரு சீட்டில்; சீட்டுக்கு ஒரு கிளிப். மனு எந்த மேசையில் இருக்கிறதோ அந்த மேசைக்கு மேலே கிளிப் தொங்கும். ஏதாவது குறை என்றால் சிவப்பு, முடிந்தால் பச்சை, மற்றதெல்லாம் வெள்ளை. ஜன்னலில் நின்றாலே எல்லாம் தெரியும்.

“படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டேன்.

“பஸ்ஸு நம்பர் பாத்து ஏறலீங்களா? செவப்பு, பச்சை தெரியாதவிங்க ஆருங்க சார்?”

இரண்டாவது வாரம் என் தலைக்கு மேலே பத்தொன்பது கிளிப்கள் தொங்கின. மற்ற எந்த மேசைக்கு மேலும் நான்குக்கு மேல் இல்லை. ஜன்னலில் நின்ற கூட்டம் என்னையே பார்த்தது.

“உங்களுக்கு மேல துணி நெறையக் காயுதுங்க. மழை வாரதுக்குள்ள எடுத்து மடிச்சுருங்க சார்,” என்றார் கிளிப்பு. அன்று மாலைக்குள் ஆறாகக் குறைத்தேன்.

வட்டாட்சியர் பொறுக்கவில்லை. “இது ஆபீஸா, மொட்டை மாடியா? யார் அனுமதி குடுத்தது?” என்று கேட்டார். கொடி இறங்கியது.

அதே வாரம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு அலுவலகமும் ஒரு புதுமை முயற்சியை அனுப்ப வேண்டும். கிளிப்பு சொல்லச் சொல்ல நான் படிவத்தை நிரப்பினேன். ஏழாவது கட்டத்தில் இப்படி இருந்தது: ‘இம்முயற்சி இதற்கு முன் எந்த அலுவலகத்தில் செயல்படுத்தப்பட்டது? ஆணை நகல் இணைக்கவும்.’

“புதுசுக்குப் பழைய நகல் கேக்கறாங்களா?” என்றார்.

“ஆமாம்.”

“நீங்க என்னங்க எழுதுவீங்க?”

உள்ளதை எழுதினேன். ‘முன்னுதாரணம் இல்லை, ஏற்பதற்கில்லை எனப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.’ விதிப்படி அதுதான் சரி. வட்டாட்சியர் கையெழுத்திட்டார். கிளிப்பு அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு மூன்று நாள் விடுப்பு கேட்டார். காரணம்: சொந்த வேலை. கொடிக் கயிறும் அவரோடு போயிற்று.

சில மாதங்கள் கழித்துப் பாராட்டு விழா நடந்தது. சிறந்த புதுமைக்கான சான்று கிழக்கே ஆத்தூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குக் கிடைத்தது. திரையில் படம் காட்டினார்கள். நைலான் கொடி, சிவப்பு, பச்சை, வெள்ளைக் கிளிப்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் கிளிப்பு எழுந்து நின்று, கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “மூன்று நாளும் அங்கேதான் இருந்தீர்களா?”

“ஆமாங்க. அங்க நம்ம சினேகிதன் ஒருத்தன் இருக்கான். அவிங்க ஆபீசர் தானே ஒரு ஆணை போட்டுட்டு, கட்டுன்னாரு. கட்டிட்டு வந்தேன்.”

“யோசனை உங்களுடையது. பேர் அவர்களுக்குப் போய்விட்டதே?”

“பேரை வெச்சு என்னங்க பண்றது?” என்று சட்டைப் பையைத் தொட்டார். கிளிப் கவ்வியிருந்த காகிதத்தை உருவி என் கையில் கொடுத்தார். அந்த அலுவலகத்தின் ஆணை நகல். “ஏழாங் கட்டத்துக்கு ஆச்சுங்களா சார்?”

ஆயிற்று. இம்முறை நானே குறிப்பு எழுதினேன். முன்னுதாரணம் இருந்ததால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்காம் நாள் எங்கள் அலுவலகத்தில் கொடி மறுபடியும் ஏறியது.

அடுத்த வருடம் பாவாயி மீண்டும் மனு கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ஜன்னலில் நின்று மேலே பார்த்தார். சிவப்பு.

“என்னங்க சாமி வேணும்?” என்று அங்கிருந்தே கேட்டார். சொன்னேன். பையைத் திறந்தார். மறுநாள் பச்சை. ஒரு வருடம் தறியில் நின்ற அவர் மகள் அந்த ஆண்டு படிப்பில் சேர்ந்தாள்.

கிளிப்பு ஓய்வு பெற்ற அன்று என் மேசையில் ஒரு சிவப்புக் கிளிப்பை வைத்துவிட்டு, “வாரனுங்க சார்,” என்று சொல்லிப் போனார். ‘ஏற்பதற்கில்லை’ என்று நான் எழுதிய நாளின் டைரிப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறேன். என் அலமாரியில் டைரிகள் எல்லாம் வரிசையாக, சமமாக, இடைவெளி இல்லாமல் நிற்கின்றன. அந்த ஒன்று மட்டும் சரியாக மூடுவதில்லை. கிளிப்பைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.