பார்வதி பாயிண்ட்

விடிந்ததும் செங்கோடன் எழுந்தான். பல் துலக்கினான். அரை லிட்டர் பால் வாங்கிக் காய்ச்சினான். ஒரு ஆளுக்கு அரை லிட்டர் அதிகம். இதைப் பால்காரரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். டீ போட்டது போக மிச்சத்தைப் பூனைக்கு ஊற்றினான். பூனை நன்றாகக் கொழுத்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

வாசலில் குரங்குக் குல்லாய் போட்ட கும்பல் ஒன்று நின்றிருந்தது.

"பிளேனைப் பார்த்த அம்மா ஊடு இதுங்களா?" என்றார் முன்னால் நின்றவர்.

"அவ பாக்கலைங்க."

"சரி, பாக்கலைன்னே வச்சுக்கலாம். எந்தப் பக்கமா பாக்கல?"

செங்கோடன் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டான். கும்பல் அவன் பார்த்த திசையைக் குறித்துக்கொண்டது.

பார்வதி அவன் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடம். காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசி நாள் விடியற்காலையில் அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தான். மூடுபனியில் பால் வண்டி மலையேறத் தாமதமாகிவிட்டது. பாலில்லாத டீயைப் பார்வதி தொடமாட்டாள். அதனால் காத்திருந்தான். வண்டி வந்து, டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் பக்கத்தில் இருந்தது ஆஸ்பத்திரி ஆயா கண்ணாயி மட்டும்தான்.

அதே காலையில்தான் ஒரு பயணிகள் விமானமும் காணாமல் போனது. மெட்ராசிலிருந்து கொச்சிக்குக் கிளம்பியது, போய்ச் சேரவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். கடலில் தேடினார்கள்.

பார்வதி கடைசியாக 'பிளேன்' என்று ஏதோ சொன்னாள் எனக் கண்ணாயி யாரிடமோ சொல்லியிருக்கிறாள். கருமாதி முடிவதற்குள் ஏற்காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கடலில் தேடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

செங்கோடன் கண்ணாயியிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால், தான் அங்கே இல்லாத நேரத்தைப் பற்றியும் அவள் சொல்லவேண்டி வரும். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். அவளும் வேலையை விட்டுவிட்டு வாழவந்தியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பேச்சை முளையிலேயே கிள்ளலாம் என்று ஒருநாள் பஸ் ஸ்டாண்டு சலூனுக்குப் போனான். சலூன்காரர் ராஜேந்திரனிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"நீங்க பி.காம். படிச்சவரு," என்று ராஜேந்திரன் சோப்பு தடவினார். "நீங்களே சொல்லுங்க. அலுமினியத்தை எதுல இருந்துங்க எடுக்கறாங்க?"

"பாக்சைட்ல."

"நம்ம மலையில வெட்டி எடுக்கறது என்னங்க?"

"பாக்சைட்."

"பிளேனை எதுலங்க செய்யறாங்க?"

செங்கோடன் கழுத்தில் கத்தி இருந்தது.

"அலுமினியத்துல. அது எங்கயும் காணாமப் போகலீங்க. தாய் ஊட்டுக்கு வந்திருக்குது."

கத்தி எடுத்தபிறகு செங்கோடன் சொன்னான்: "அவளுக்கு நொம்பக் காய்ச்சலுங்க. ஏதோ பினாத்தியிருப்பா."

"காய்ச்சல்ல யாருங்க பொய் சொல்லுவாங்க?"

சாயங்காலத்துக்குள், அந்தக் காய்ச்சலே பிளேன் விட்ட புகையால் வந்தது என்று ஆகிவிட்டது. காய்ச்சல் வந்து பத்து நாள் கழித்துத்தான் பிளேன் கிளம்பியது என்றான் செங்கோடன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் கணக்கு எழுதிய லாட்ஜில் அந்த மழைக்காலத்திலும் அறை கிடைக்கவில்லை. முதலாளி வெங்கடாசலம் சேலத்துக்காரர், நல்ல மனிதர். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏங்கண்ணு, மலையைப் பாக்க வர்றவங்களுக்கு லேடீஸ் சீட்டுன்னு இருக்குது, ஜென்ட்ஸ் சீட்டுன்னு இருக்குது. நம்ம லாட்ஜுக்குப் பின்னாடியும் சரிவு இருக்குது, பனி இருக்குது. ஒரு பேருதான் இல்ல."

மறுநாள் அங்கே போர்டு நின்றது. 'பார்வதி பாயிண்ட். விமானம் கடைசியாகத் தென்பட்ட இடம்.'

"அவ பேரு வேண்டாங்க," என்றான் செங்கோடன்.

"உம்பட சம்சாரம் பேரு நிலைச்சு நிக்கட்டுமே சாமி."

அன்றிரவு செங்கோடன் தார் டப்பாவை எடுத்துப்போய்ப் பேரை மட்டும் அழித்தான். மேலிடத்திலிருந்து ஆள் வந்து அழித்துவிட்டதாகக் காலையில் பேசிக்கொண்டார்கள். உண்மை இல்லையென்றால் எதற்கு அழிக்கிறான்? அந்த வாரம் நாமக்கல்லிலிருந்து இரண்டு பஸ் வந்தது. வெங்கடாசலம் பேரை இன்னும் பெரிதாக எழுதிவைத்தார்.

செங்கோடனிடமும் ஒரு விளக்கம் இருந்தது. போன தீபாவளிக்குப் பார்வதி பிளேன் சேலை கேட்டாள். கடைக்காரன் பேச்சைக் கேட்டு அவன் பெரிய பெரிய பூப்போட்டதை வாங்கிவந்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். அன்றைக்குச் சொல்லாததைக் கடைசியில் சொல்லியிருக்கிறாள். மூன்று மாதமாக இதை நினைத்து அவன் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் ராஜேந்திரனின் பாக்சைட்டுக்கு இது மேல் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயிண்டில் கூடியிருந்தவர்கள் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டான்.

"அவ சொன்னது சேலைங்க. பூப்போடாத சேலை."

கூட்டம் ராஜேந்திரனைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன கலருங்க கேட்டாங்க?" என்றார் ராஜேந்திரன்.

"வெள்ளை. நீலக் கரை வச்சது."

ராஜேந்திரன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிளேன் என்ன கலருன்னு பேப்பர்ல போட்டிருந்தான்?"

"வெள்ளைதானுங்க. நீலக் கோடு போட்டது," என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

புருஷனே குழப்புகிறான் என்று பேச்சு வந்துவிட்டது. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று வெங்கடாசலம் அடுத்த ஞாயிறு வாழவந்திக்கு ஆளனுப்பிக் கண்ணாயியை அழைத்துவந்தார். போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி, உட்காரவைத்தார். மைக் இருந்தது. செங்கோடன் லாட்ஜுக்குள்ளேயே இருக்கப் பார்த்தான். முதலாளி கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினார்.

"ஏனுங்கம்மா, பார்வதி கடைசியா பிளேன்னு சொன்னது வாஸ்தவந்தானுங்களா?"

"வாஸ்தவந்தானுங்க."

கைதட்டினார்கள்.

"வேற என்னமும் சொன்னாங்களா?" என்றார் ராஜேந்திரன்.

"வரச் சொல்லுன்னாங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "வரச் சொல்லியிருக்காங்க. அதான் வந்திருக்குது," என்று ராஜேந்திரன் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். யாரோ சரிவைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கண்ணாயி அவர்களைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள்.

"நீங்க ஏஞ்சாமி வந்து கேக்கவே இல்ல? உங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான அது சொல்லுச்சு. நீங்க ஃபிளாஸ்க்கும் கையுமா வந்து நின்னப்ப எனக்கு வாய் வரல. அப்புறம் வந்தவங்க எல்லாம் பிளேன்னாளா, பிளேன்னாளான்னுதான் கேட்டாங்க. முழுசா யாரு கேட்டா?"

மைக் கொர்ரென்றது. செங்கோடன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"முழுசாச் சொல்லுங்கம்மா."

கண்ணாயி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பார்வதி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"'பால் வண்டி வர்ற வரைக்கும் அவரு அங்கயேதான் நிப்பாரு. பிளேன் டீயே போதும், வந்து பக்கத்துல உக்காரச் சொல்லுங்க.'"