மைக்ரான் அண்ணா கட்டிய கைத்துப்பாக்கி

டெக்சாஸில் கடையில் விற்கும் எந்தப் பொருளையும் அப்படியே நம்பாத ஒரே ஜீவன் மைக்ரான் அண்ணாதான். சும்மா சொல்லவில்லை. ஃபிரிஸ்கோவில் அவர் கார் வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். மற்றவர்கள் மைலேஜ் கேட்பார்கள், டிஸ்கவுண்ட் கேட்பார்கள். அண்ணா சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை உருவி, நான்கு கதவுகளின் இடுக்குகளையும் அளந்தார். பின்பக்க இடது கதவில் அரை மில்லிமீட்டர் கூடுதல். "வேற வண்டி காட்டுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏழாவது வண்டியில் சேல்ஸ்மேன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினோராவது வண்டியில் மேனேஜர் வந்தார். பதினான்காவதை அண்ணா வாங்கினார். அதுவும் அரைமனசாகத்தான்.

ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் பீளமேட்டுக்காரர், நான் சென்னை. இருவருக்கும் வேலை சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது. நான் அதை மாலை ஐந்தரைக்கு நிறுத்திவிடுவேன், அவர் நிறுத்த மாட்டார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் கம்பெனி பொட்லக்கில் யாரோ கொண்டுவந்த இட்லியைக் காலிப்பரில் பிடித்து, "நடுவுல எச்சா இருக்குது, ஓரத்துல கம்மி" என்று தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து அவர் பெயர் மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் துப்பாக்கிக் கடைக்குப் போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு பிஸ்டலாகக் கையில் வாங்கி, மேலே நகரும் ஸ்லைடு என்ற பாகத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, ஸ்லைடு லொடலொடங்குது. ட்ரிக்கரு, மணல்ல செருப்ப இழுக்கற மாதிரி வருது. இதையெல்லாம் ஒரு பொருளுன்னு விக்கறாங்க."

"அப்ப விட்டுடுங்கண்ணா."

"விடறதா? நானே கட்டிப்போடறேன்."

அமெரிக்கச் சட்டப்படி, ஃபிரேம் என்ற அடிப்பாகம்தான் துப்பாக்கி. அதை மட்டும் கடையில் படிவம் நிரப்பி, பின்னணி விசாரணை முடிந்து வாங்க வேண்டும். பாக்கியெல்லாம் உதிரி பாகங்கள், தபாலில் வரும். அண்ணா குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது, அவருக்குச் சிக்கலில்லை. விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதால் நான், அவருடைய கராஜில் எப்போதும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பேன். "தொட்டுப்போடாத அம்மிணி, உனக்கு கிரீன் கார்டு வரோணுமல்ல" என்பார்.

ஆனால் எக்செல் ஷீட் போடுவதை எந்த விசாவும் தடுக்கவில்லை. எனக்கு அப்போது ஒரே உற்சாகம். எந்த பேரல், எந்த ஸ்லைடு, எந்த ஸ்பிரிங், யார் செய்தது, யார் என்ன குறை சொன்னார்கள் என்று நாற்பத்திரண்டு வரிசை. என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டில் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை. ஒரு பேரல் வரும், அளப்பார், திருப்பி அனுப்புவார். ட்ரிக்கர் மட்டும் ஐந்து வந்து ஐந்தும் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போயின. தபால்காரர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார். அண்ணாவின் பதினான்கு வயது மகள் மட்டும் காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றி, "அப்பா, ஜஸ்ட் பை ஒன்!" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

எல்லாப் பாகங்களும் ஏதோ ஒருவிதத்தில் தேறின, ஒன்றைத் தவிர. சுட்டபின் காலித் தோட்டாவைக் கவ்வி வெளியே இழுத்துப்போட ஸ்லைடில் ஒரு குட்டிக் கொக்கி உண்டு. அது சரியாகக் கவ்வினால்தான் அடுத்த தோட்டா உள்ளே வரும், இல்லாவிட்டால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். கடைக் கொக்கி எதுவும் அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தடிமனான ஒன்றை வாங்கி, மூன்று வாரம் தானே அரத்தால் தேய்த்தார். ஒரு நாளைக்கு நாலே நாலு தேய்ப்பு. தேய்த்து, அளந்து, மறுநாள்வரை யோசிப்பார்.

இதற்குள் ஏப்ரல் வந்தது. டெக்சாஸ் ஏப்ரல் என்றால் ஆலங்கட்டி மழை. கராஜ் முழுக்க அண்ணாவின் பட்டறை. அதனால் அண்ணாவின் மனைவி சாந்தாமணி அக்காவின் புதுக் கார் வெளியே நின்றது. இருபது நிமிட மழையில் அந்தக் காரின் கூரை பணியாரச் சட்டி மாதிரி ஆகிவிட்டது.

அக்கா அழவில்லை, கத்தவுமில்லை. கராஜுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, இந்தத் துப்பாக்கி எப்பங்க முடியும்?"

"நவம்பர்ல துப்பாக்கி சுடற கிளப்புல போட்டி வெச்சிருக்கறாங்க சாந்தா. அதுக்குள்ள."

"சரிங்க. போட்டியில நூறு குண்டு. ஒருக்கா கூட நிக்காம ஓடுச்சுன்னா கராஜு உங்குளுது. ஒருக்கா நின்னாலும் எங்காருக்கு. அம்மிணி, நீதான் சாட்சி."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "ஆகட்டும்" என்றார்.

செப்டம்பரில் துப்பாக்கி முடிந்தது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் நாளே இருநூறு தோட்டா தடங்கலில்லாமல் ஓடின. ஸ்லைடு முன்னும் பின்னும் போகும் சத்தத்தை அண்ணா கண்ணை மூடிக் கேட்டார், கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்த மாதிரி. திரும்பி வரும்போது காரில், "இதுல நாம ஜெயிச்சாச்சு" என்றார். அவர் எதையும் முழுதாக ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் இருக்கும் தமிழர்களெல்லாம் லேப்டாப்புக்கும் காருக்கும் ரைஸ் குக்கருக்கும் பொட்டு வைத்துச் சமாளிக்கிறோம். பூஜையின் பெயருக்கு நியாயம் செய்த வீடு அது ஒன்றுதான். தோட்டா எதுவும் இல்லையென்று மூன்று தடவை சரிபார்த்து, காலிப்பருக்கும் மகளின் வயலினுக்கும் நடுவே துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார் அண்ணா. அக்கா சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். சுண்டல் அருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில், ஏழாவது தோட்டாவில் துப்பாக்கி நின்றது.

சரிசெய்து மறுபடி சுட்டார். பன்னிரண்டாவதில் நின்றது. அப்புறம் மூன்றாவதில்.

அந்த மூன்று வாரங்களை எப்படிச் சொல்வேன்! ஸ்பிரிங் மாற்றினார். தோட்டா அடைக்கும் மேகஸினை மாற்றினார். தோட்டா பிராண்டை மாற்றினார். வெயிலைச் சந்தேகப்பட்டார், ஈரத்தைச் சந்தேகப்பட்டார், ஒரு நாள் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்.

"அண்ணா, அந்தக் கொக்கிய ஒரு தடவ கழட்டிப் பாத்தா என்ன?" என்றேன்.

அரத்தைக் கீழே வைத்தார். "அது நாந் தேச்சது."

"தெரியும்ணா, ஆனா..."

"அம்மிணி, கடையில வாங்குனது எத வேணாலும் சொல்லு, கேட்டுக்கறேன். அது நாந் தேச்சது. வெளிய நல்லாத் தொடச்சு வெச்சிருக்கறேன். அதக் கழட்டற சோலியே வேண்டாம்."

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனிதர், அந்த ஒரு கொக்கியை மட்டும் தெய்வமாக நம்பினார். அலுவலகத்தில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எழுத்துப் பிழைகள் விட ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டில் சப்பாத்தியை அளக்காமல் தின்றார். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு கடைசிப் பயிற்சி. ஒரு நாளும் வராத அக்கா அன்று வந்தார், கையில் அளக்கும் டேப்போடு. புறப்படும் முன்பே கராஜின் அகலத்தை அளந்து குறித்துக்கொண்டதாகவும், இந்தப் போட்டி வெறும் சம்பிரதாயம்தான் என்றும் என்னிடம் சொன்னார். எல்லோரும் காதை மூடும் மஃப் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றோம்.

அண்ணா சுட்டார். இருபது, முப்பது. துப்பாக்கி சூடேறியது. முப்பத்தொன்றில் நின்றது. அண்ணா அதைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். அந்த முதுகை நான் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் அக்கா மூக்கைச் சுளித்தார். ஒரு அடி முன்னால் போனார். மறுபடி முகர்ந்தார். அது அக்டோபர் தொடங்கி டெக்சாஸ் முழுக்க மூக்கடைக்கும் அலர்ஜி சீசன்; எனக்கும் அண்ணாவுக்கும் மூக்கு என்ற உறுப்பு வேலை செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அலர்ஜியே இல்லாத ஒரே ஆள் அக்கா. தன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். புருஷனின் முதுகைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் மூன்று நாளில் கராஜ் அவருடையது. அவர் யோசித்ததை நான் பார்த்தேன். நாலு விநாடி இருக்கும்.

காதில் மஃப் இருந்ததால் தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. ரேஞ்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"மாமோவ்! இந்தத் துப்பாக்கி சந்தனம் மணக்குதுங்க!"

பதினைந்து டெக்சாஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, வெள்ளைத் தாளை விரித்து, அண்ணா அந்தக் கொக்கியைக் கழற்றினார். பூஜையன்று தண்ணியாகக் குழைத்த சந்தனம் உள்ளே வழிந்து, குங்குமத்தோடு சேர்ந்து, காய்ந்து, கொக்கிக்கு அடியில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. துகள் ஒன்று தாளில் விழுந்தது. அண்ணா காலிப்பரை எடுத்து அதை அளந்தார்.

"எத்தனைங்க மாமா?"

"புள்ளி நாலு மில்லி."

"கொக்கி தப்பில்லயே?"

"கொக்கி தப்பில்ல" என்றார் அண்ணா.

போட்டியன்று தூறல். இருபத்து மூன்று பேர். கம்பெனித் துப்பாக்கிகள் வைத்திருந்த மூன்று பேருக்கு ஈரத்தில் அடைத்துக்கொண்டது. அண்ணா குறி பார்க்கிற வேகத்துக்கு ஒரு தோசை ஊற்றி எடுத்துவிடலாம். மதிப்பெண்ணைப் பற்றி அவருக்கும் கவலையில்லை, எங்களுக்கும் இல்லை. அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். எழுபதுவரை மனசுக்குள், எழுபதிலிருந்து உதட்டில், தொண்ணூறிலிருந்து வாய்விட்டு. "தொண்ணூத்தெட்டு! தொண்ணூத்தொம்பது! நில்லாத, நில்லாத..." துப்பாக்கி நின்றால்தான் தனக்குக் கராஜ் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நூறு.

அக்கா குதித்தார். நான் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்துக் கைதட்டினேன். இருபத்து மூன்று பேரில் இருபத்தொன்றாவதாக வந்த ஒருவருக்கு இவ்வளவு கைதட்டலை அந்த கிளப் கேட்டிருக்காது. போட்டியை நடத்திய வெள்ளை மீசைக்காரர் அனுமதி கேட்டு, காலித் துப்பாக்கியை வாங்கி, ஸ்லைடை மெல்ல இழுத்துவிட்டார். கண்ணாடியில் எண்ணெய் வழிகிற மாதிரி போய் வந்தது. இன்னொரு முறை இழுத்தார். "யார் செய்தது இது? எந்தக் கம்பெனி?" என்றார்.

அண்ணா மார்பை நிமிர்த்தி, டெக்சாஸுக்கே கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்: "கம்பெனி இல்லை சார். நான்."

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். பின் இருக்கையில் அக்கா, "அடுத்த ஏப்ரல்ல என்ற காரு என்னாகுமோ, கெரகம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்து இருக்கையில் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். பல வாரமாகச் சரியாகத் தூங்காத மனிதர், வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா என் தோளை மெல்லத் தொட்டார். நான் வலது ஓரத்துக்கு மாறி, வேகத்தைக் குறைத்தேன். பெரிய ட்ரக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. வீட்டுக்கு இறங்கும் எக்ஸிட் வந்தது; நான் திரும்பவில்லை. அடுத்ததில் திரும்பிக்கொள்ளலாம், இன்னும் ஐந்து நிமிடம் அவர் தூங்கட்டும்.